ஓட்டுக்குள் சென்ற வெப்பம்

மனிதன் உண்ணும் பொருள்களுள் இயற்கையே உறையிட்டு மூடி அளிப்பவை மிகச் சிலவே. அவற்றுள் தலையாயது முட்டை. உடைக்கும் வரையில் அதனுள் இருப்பதன் உண்மை நிலையை எவரும் முழுமையாக அறிய இயலாது. இந்த மூடிய தன்மையே முட்டையின் பெருமை. அதன் சிக்கலுக்கும் அதுவே காரணம். பாலைக் காய்ச்சலாம், நீரைக் கொதிக்க வைக்கலாம், பழத்தைக் கழுவலாம். பச்சை முட்டையைப் பச்சை முட்டையாகவே வைத்துக்கொண்டு, அதனுள் மறைந்திருக்கும் நோய்க்கிருமியை மட்டும் அழிப்பது எங்ஙனம்?

வேடிக்கையான வினாவாக இது சிலருக்குத் தோன்றலாம். முட்டையை வேகவைத்து உண்டால் தீர்ந்தது அன்றோ என்றும் கேட்கலாம். ஆனால், உலகின் பல நாடுகளில் முட்டை பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்ணப்பட்டே வந்துள்ளது. நோயாளிக்கு ஊட்டமளிக்க முட்டைப்பால், விருந்துக்குப் பனிக்கூழ், காய்கறிக் கலவையின் மேல் முட்டைக் குழம்பு என்று வேகாத முட்டை சேரும் உணவுகள் ஏராளம். அவற்றால் நோயுற்றவர்களும் மாண்டவர்களும் உண்டு. எனவே இவ்வினா அடுக்களையோடு நின்றுவிடாமல் உயிரைக் காக்கும் வினாவாகவும் ஆயிற்று.

இதற்கான விடையின் பெரும்பகுதி 1943ஆம் ஆண்டிலேயே அறிஞர் கையில் இருந்தது. ஆயினும், அவ்விடை நோய்த் தடுப்புக்கு உரியதாகிக் கடைகளை அடைய மேலும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தத் தாமதம் ஏன் நேர்ந்தது என்பதைக் கூறுவதே முட்டைக் காப்பின் வரலாறு.

மூடிய பெட்டகமும் அதன் வாயில்களும்

முட்டையின் ஓடு கல்போல் தோன்றினும், அதில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உள்ளன. குஞ்சு வளர்வதற்குக் காற்று வேண்டும். அக்காற்று அத்துளைகளின் வழியே செல்கின்றது. ஓட்டிற்கு உட்புறம் இரண்டு சவ்வுகள், அவற்றிற்குள் வெண்கரு, நடுவில் மஞ்சள்கரு. இவ்வமைப்பு முழுவதும் ஒரு கோட்டையை ஒத்தது எனலாம். ஓடு மதிலாகவும், சவ்வு உள்மதிலாகவும், வெண்கரு அகழியாகவும் நின்று மஞ்சள்கருவைக் காக்கின்றன.

வெண்கருவின் காவல் வியப்பிற்குரியது. நுண்ணுயிர்களின் சுவரைக் கரைக்கும் லைசோசைம் என்னும் நொதி அதில் நிறைய உண்டு. அலெக்சாந்தர் ஃபிளெமிங் 1922ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்த நொதி இதுவே. ஓவோடிரான்ஸ்ஃபெரின் என்னும் மற்றொரு புரதம் இரும்புச் சத்தை இறுகப் பற்றிக்கொள்கிறது. இரும்பு கிடைக்காத கிருமி பெருக முடியாமல் வாடுகின்றது. மஞ்சள்கருவிலோ கொழுப்பும் இரும்பும் செறிந்துள்ளன. அங்குச் சென்றடையும் கிருமிக்கு அது விருந்து மண்டபம்.

காலம் செல்லச் செல்ல இக்கோட்டை தளர்கின்றது. வெண்கருவில் கரைந்திருக்கும் கரியமில வாயு நுண்துளைகளின் வழியே மெல்ல வெளியேற, வெண்கருவின் காரத்தன்மை உயர்கின்றது. அதன் கெட்டித்தன்மை குறைந்து நீராளமாகின்றது. மஞ்சள்கருவைப் போர்த்தியிருக்கும் மென்சவ்வும் வலுவிழக்கின்றது. பழைய முட்டையைத் தட்டில் உடைத்தால் அது பரந்து ஓடுவதற்குக் காரணம் இதுவே. வெதுவெதுப்பான முட்டை குளிரும்போது உள்ளிருக்கும் பொருள் சுருங்கி, வெளியிலுள்ள ஈரத்தையும் அதனோடு கிருமிகளையும் உள்ளிழுத்துக் கொள்வதும் உண்டு. ஆகவே முட்டையைக் காப்பதில் இரண்டு கடமைகள் உள்ளன. முதலாவது, அதன் தன்மை கெடாமல் காத்தல். இரண்டாவது, அதனுள் கிருமி இராமல் காத்தல். மனித வரலாற்றில் முதற் கடமையே நெடுங்காலம் முன்னின்றது.

முன்னோர் கண்ட முறைகள்

கோழி ஆண்டு முழுவதும் ஒரே அளவில் முட்டையிடுவதில்லை. குளிர்நாடுகளில் வேனிற் பருவத்தில் முட்டை மலிந்தும், குளிர்காலத்தில் அருகியும் காணப்பட்டது. மலிந்த காலத்து முட்டையை அருகிய காலம்வரை காப்பாற்ற வேண்டிய தேவை அதனால் எழுந்தது. சீனர்கள் சுண்ணாம்பும் சாம்பலும் பூசியும், உப்புநீரில் ஊறவைத்தும் முட்டையைக் காத்தனர். ஆயினும் அம்முறைகளில் முட்டை வேறொரு பண்டமாகவே மாறிவிடுகின்றது. ஐரோப்பாவில் சுண்ணாம்பு நீரில் இட்டு வைத்தனர். பின்னர்ச் சோடியம் சிலிகேட் கரைசலாகிய நீர்க்கண்ணாடியில் மூழ்கவைக்கும் வழக்கமும் வீடுகளில் பரவிற்று. 

பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் (1683 - 1757) இத்துறையில் நினைக்கத்தக்கவர். வெப்பமானிக்கு ஓர் அளவுமுறையை வகுத்த அதே அறிஞர் முட்டையையும் ஆராய்ந்தார். ஓட்டின் துளைகளை அடைத்துவிட்டால் முட்டை நெடுநாள் கெடாதிருக்கும் என்று கண்டு, அதன்மேல் மெருகெண்ணெயோ கொழுப்போ பூசும் முறையை அவர் பரிந்துரைத்தார்.

இவற்றினூடே இல்லத்தரசியர் கையாண்ட எளிய முறை ஒன்றும் இருந்தது. முட்டையைக் கொதிநீரில் சில நொடிகள் மட்டும் முக்கி எடுத்துக் குளிர்ந்த இடத்தில் வைப்பர். ஓட்டை ஒட்டியுள்ள வெண்கரு மெல்லிய ஏடாக உறைந்து துளைகளை உட்புறமாக அடைத்துக்கொள்ளும். மேற்பரப்பிலிருந்த கிருமிகளும் பெரும்பாலும் மடியும். ஏன் இது பயன் தருகின்றது என்று அவர்கள் அறிந்தாரல்லர். பயன் தருவதை அறிந்திருந்தனர். ஓட்டை உடைக்காமல் முட்டைக்கு வெப்பமூட்டிக் காக்கும் எண்ணத்தின் முதல் வித்து அடுக்களையிலேயே முளைத்தது.

பாஸ்டர் வகுத்த பாதை

உணவைக் கெடுப்பவை நுண்ணுயிர்களே என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐயத்திற்கிடமின்றி நிறுவியவர் லூயி பாஸ்டர் (1822 - 1895). பிரெஞ்சு நாட்டின் திராட்சை மது புளித்துக் கெடுவதைத் தடுக்க முனைந்த அவர், மதுவைக் கொதிக்கவிடாமல், செல்சியஸ் அளவையில் 50 முதல் 60 பாகை வரையில் சூடேற்றினாலே போதும் எனக் கண்டார். 1865ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். மதுவின் சுவை மாறவில்லை. கெடுக்கும் உயிர்கள் அழிந்தன. அவர் பெயராலேயே அம்முறை பாஸ்டராக்கம் என வழங்கலாயிற்று.

பாஸ்டராக்கத்தின் அடிப்படை ஓர் எளிய உண்மை. ஒரு பொருளின் தன்மை மாறுவதற்கு வேண்டிய வெப்பமும், அதிலுள்ள கிருமி மடிவதற்கு வேண்டிய வெப்பமும் ஒன்றல்ல. இவ்விரண்டிற்கும் இடையே ஓர் இடைவெளி இருக்குமானால், அவ்விடைவெளியில் நின்று பொருளைக் காத்துக் கிருமியை அழிக்கலாம். பாலுக்கு அவ்விடைவெளி அகன்றது. பாலை 63 பாகையில் 30 நிமிடமோ, 72 பாகையில் 15 நொடியோ வைத்தாலும் அது பாலாகவே இருக்கின்றது, திரிந்துவிடுவதில்லை.

முட்டைக்கோ அவ்விடைவெளி மிகக் குறுகியது. வெண்கருவின் புரதங்களுள் வெப்பத்திற்கு முதலில் நிலைகுலைவது ஓவோடிரான்ஸ்ஃபெரின். அது 61 பாகை அளவிலேயே உருமாறத் தொடங்கும். இரும்பைப் பற்றிக் கிருமியை வாட்டும் காவற்காரனே முதலில் வீழ்கின்றான் என்பது கருதத்தக்கது. மஞ்சள்கரு 65 பாகை அளவில் தடித்து, 70 பாகை அளவில் இறுகும். பாலுக்குரிய வெப்பத்தை முட்டைக்குக் கொடுத்தால் அது அவித்த முட்டையாகிவிடும். ஆகவே முட்டையைக் காக்க முனைபவர் ஒருசில பாகை அகலமே உள்ள ஒற்றையடிப் பாதையில் நடந்தாக வேண்டும்.

மிசௌரியில் நடந்த ஆய்வு

அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் கோடை கடுமையானது. பண்ணையில் இட்ட முட்டை அங்கிருந்து நகரச் சந்தையை அடைவதற்குள் வெண்கரு நீர்த்துப்போகும். சேவலோடு வளர்ந்த கோழியின் முட்டையானால், வெயிலின் வெப்பத்திலேயே கரு வளரத் தொடங்கிவிடும். அத்தகைய முட்டையை வாங்குவோர் இலர். உழவர்க்கு அது பேரிழப்பாயிற்று.

மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் வேளாண் ஆய்வு நிலையத்தில் கோழி வளர்ப்புத் துறையைச் சார்ந்த ஈ. எம். ஃபங்க் இவ்விழப்பைத் தவிர்க்கும் வழியை நாடினார். பழைய அடுக்களை முறையில் வெப்பம் மிகுதி, நேரம் குறைவு. அவர் அதனை மாற்றி, வெப்பத்தைக் குறைத்து நேரத்தை நீட்டினார். முட்டையைச் சுமார் 54 பாகை வெப்பமுள்ள நீரிலோ எண்ணெயிலோ 15 நிமிட அளவில் வைத்தெடுத்தார். வெண்கரு உறையவில்லை. ஆனால் அதன் கெட்டித்தன்மை நிலைபெற்றது. கருவுற்ற முட்டையில் கரு வளர்வதும் நின்றது. கெடுக்கும் நுண்ணுயிர்கள் பெரிதும் குறைந்தன. முட்டையின் தன்மையை நிலைப்படுத்துவது பற்றியும், ஓட்டோடு கூடிய முட்டையைப் பாஸ்டராக்கம் செய்வது பற்றியும் அவர் எழுதிய ஆய்வறிக்கைகள் 1943ஆம் ஆண்டில் வெளிவந்தன. ஏறத்தாழ அதே காலத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ரோமனோஃப் இணையரும் முட்டையை வெப்பத்தால் காக்கும் முறைகளை ஆராய்ந்தனர். 1949ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட பறவை முட்டை பற்றிய பெருநூல் அத்துறையின் அடிப்படை நூலாயிற்று.

ஆயினும் இம்முறை பரவவில்லை. அதற்குக் காரணம் அதன் குறையன்று. குளிர்பதனக் கிடங்குகளும் குளிர்வண்டிகளும் பெருகின. மணமற்ற கனிம எண்ணெயை ஓட்டின்மீது தெளிக்கும் எளிய முறை பரவிற்று. சேவலின்றிக் கோழி வளர்க்கும் பெரும் பண்ணைகள் தோன்றின. முட்டை சில நாள்களிலேயே கடையை அடைந்தது. முட்டை கெட்டுப்போகாமல் காப்பது எப்படி என்பதே அக்காலத்து வினா. அதற்கு மலிவான விடை வேறு கிடைத்ததும், வெந்நீர்த் தொட்டி மூலையில் ஒதுக்கப்பட்டது. நோயைப் பற்றிய வினாவை அதனிடம் பெரிதாக எழுப்புவார் அன்று இல்லை.

உடைத்த முட்டையும் சட்டமும்

நோய் பற்றிய வினா வேறொரு வாயில் வழியே வந்தது. சால்மொனெல்லா என்னும் நுண்ணுயிர்க் குடும்பம் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் தானியேல் சால்மன் பெயரால் வழங்குவது. அவரது ஆய்வகத்தில் 1885ஆம் ஆண்டில் அக்குடும்பத்து உயிர் ஒன்றைப் பிரித்தறிந்தவர் தியோபால்டு சுமித். 1888ஆம் ஆண்டில் செருமனியில் இறைச்சி உண்டு பலர் நோயுற்றபோது, ஆகுஸ்டு கேர்ட்னர் அக்குடும்பத்தின் மற்றோர் உறுப்பைக் கண்டார். பின்னாளில் முட்டையால் பெயர் பெற்ற சால்மொனெல்லா என்டெரிடிடிஸ் அதுவே.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவிலிருந்து பிரித்தானியாவுக்கு முட்டைப் பொடி மிகுதியாக அனுப்பப்பட்டது. அப்பொடியில் பலவகைச் சால்மொனெல்லாக் கிருமிகள் இருந்ததைப் பிரித்தானிய மருத்துவ ஆய்வு மன்றம் 1947ஆம் ஆண்டு அறிக்கையில் விளக்கிற்று. ஆயிரக்கணக்கான முட்டைகளை உடைத்து ஒரே தொட்டியில் கலக்கும்போது, அவற்றுள் ஒன்றில் இருக்கும் கிருமி தொட்டி முழுவதற்கும் உரியதாகிவிடும் என்பது புலனாயிற்று.

எனவே அரசுகள் உடைத்த முட்டைக்குச் சட்டம் இயற்றின. பிரித்தானியா 1963ஆம் ஆண்டில், முட்டைக் கலவையை 64.4 பாகையில் இரண்டரை நிமிடம் சூடாக்க வேண்டும் என விதித்தது. அமெரிக்காவில் 1970ஆம் ஆண்டில் முட்டைப்பொருள் ஆய்வுச் சட்டம் நிறைவேறியது. அங்கு முழு முட்டைக் கலவைக்கு 60 பாகையில் மூன்றரை நிமிடம் என்பது அளவாயிற்று. இயந்திரத்தில் மெல்லிய படலமாக ஓடும் கலவை நொடிகளில் சூடேறி, நொடிகளில் குளிரும். ஆகையால் சற்று உயர்ந்த வெப்பத்தையும் அது தாங்கிற்று. வெண்கருவை மட்டும் தனியே சூடாக்குவது கடினமாயிருந்ததால், அதன் காரத்தன்மையைக் குறைத்து, அலுமினிய உப்பைச் சிறிதளவு சேர்த்துப் புரதத்தை நிலைப்படுத்தும் முறையை அமெரிக்க வேளாண் துறையின் கலிபோர்னிய ஆய்வகம் 1960களில் வகுத்தது.

இவ்வாறு உடைத்த முட்டை பாதுகாப்புப் பெற்றது. உடையாத முட்டையோ சட்டத்திற்கு வெளியே நின்றது. அதன் ஓடு தூய்மையாக இருந்தால் உள்ளும் தூய்மையே என்று பலரும் கருதினர். கோழியின் எச்சம் ஓட்டில் ஒட்டி, விரிசல் வழியே உட்சென்றால்தான் தீங்கு என்பது அந்நாளைய கொள்கை. ஆகவே முட்டையைக் கழுவினர், ஒளியில் பிடித்து விரிசல் பார்த்தனர், அத்துடன் அமைதியடைந்தனர்.

தூய முட்டையுள் துயர்

அந்த அமைதி 1980களில் கலைந்தது. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் சால்மொனெல்லா என்டெரிடிடிஸ் நோய் 1976 முதல் 1986 வரையில் ஆறு மடங்கிற்கு மேல் பெருகிற்று. 1985 சனவரி முதல் 1987 மே வரையில் அங்கு உணவால் நேர்ந்த 65 நோய்ப்பரவல்களில் 2,119 பேர் நோயுற்றனர். 11 பேர் மாண்டனர். எவ்வுணவால் நேர்ந்தது எனத் தெளிவான 35 பரவல்களில் 27, முதல் தர முட்டையாலோ அம்முட்டை சேர்ந்த உணவாலோ நேர்ந்தவை. 1988ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வு உணவுத் துறையை உலுக்கிற்று. முதல் தரம் என்று முத்திரை பெற்றவை, விரிசலற்றவை, கழுவப்பட்டவை ஆகிய முட்டைகளே நோயின் ஊர்தியாக இருந்தன.

உண்மை பின்னர் விளங்கிற்று. இக்கிருமி கோழியின் கருவகத்திலும் முட்டைக் குழாயிலுமே குடியேறுகின்றது. கோழிக்கு நோய் தோன்றுவதில்லை. ஓடு உருவாவதற்கு முன்பே கிருமி முட்டைக்குள் இடம்பெற்றுவிடுகின்றது. மதிலைக் காவல் செய்தவர்கள், பகைவன் மதில் எழுப்பப்படும் முன்பே உள்ளே இருந்ததை அறியாதிருந்தனர். கழுவுவதாலும் ஒளியில் பார்ப்பதாலும் அவனை வெளியேற்ற இயலாது.

இதன் கொடுமையை 1987ஆம் ஆண்டு நியூயார்க்கு நகரின் ஒரு மருத்துவமனையில் நேர்ந்த நிகழ்ச்சி காட்டும். அங்கு நெடுநாள் தங்கி மருத்துவம் பெற்ற 965 நோயாளிகளுள் 404 பேர் இக்கிருமியால் தாக்குண்டனர். 9 பேர் உயிரிழந்தனர். பச்சை முட்டையால் செய்த மயோனெய்ஸ் என்னும் குழம்பு கலந்த மீனுணவே காரணம் எனப் பின்னர்க் கண்டறிந்தனர். நலமுள்ளவர்க்குச் சில நாள் வயிற்றுப்போக்கோடு நீங்கும் நோய், மெலிந்தவர்க்குக் கூற்றாயிற்று. ஃபங்க் அறிக்கை வெளிவந்து அப்பொழுது 44 ஆண்டுகள் கடந்திருந்தன.

அடுத்த ஆண்டு திசம்பரில் பிரித்தானியாவின் இளைய நலத்துறை அமைச்சர் எட்வினா கரி, அந்நாட்டு முட்டை உற்பத்தியின் பெரும்பகுதியில் சால்மொனெல்லா பரவியுள்ளது என்று கூறியதும், முட்டை விற்பனை சரிந்து, இரு வாரங்களுக்குள் அவர் பதவி விலக நேர்ந்ததும் அக்காலத்துப் பரபரப்பை உணர்த்துவன.

மீண்டும் வெந்நீர்த் தொட்டி

வினா மாறிவிட்டது. முட்டையைக் கெடாமல் வைப்பது எப்படி என்று கேட்ட உலகம், முட்டைக்குள் இருக்கும் கிருமியை ஓட்டை உடைக்காமல் அழிப்பது எப்படி என்று கேட்கலாயிற்று. மறந்துபோன வெந்நீர்த் தொட்டி மீண்டும் நடுவிடத்திற்கு வந்தது.

இந்தியானா மாநிலத்துப் பர்தியூ பல்கலைக்கழகத்தில் முட்டை அறிவியலில் மூத்த அறிஞராக விளங்கியவர் வில்லியம் ஸ்டேடல்மன். மிசௌரிப் பல்கலைக்கழகத்து ஓவன் காட்டரில் என்பாரோடு சேர்ந்து முட்டை அறிவியலும் தொழில்நுட்பமும் பற்றிய நூலை 1973ஆம் ஆண்டில் தொகுத்தவரும் இவரே. இவரும் இவருடைய குழுவினரும் 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு தெளிவான விடையைத் தந்தது. முட்டைகளுக்குள் கிருமியைச் செலுத்தி, அவற்றை 57 பாகை நீரில் 25 நிமிடம் வைத்தனர். கிருமிகள் ஆயிரத்தில் ஒன்றாகக் குறைந்தன. அதன்பின் 55 பாகை வெப்பக்காற்றில் மேலும் ஒரு மணி நேரம் வைத்தபோது, ஒரு கோடிக்கு ஒன்று என்ற அளவிற்குக் குறைந்தன.

இதன் நுட்பத்தை மாணவர் உணர்தல் வேண்டும். ஒரே வெப்பநிலையில் வைக்கும்போது, குறித்த கால அளவு கழியும்தோறும் கிருமிகளின் தொகை பத்தில் ஒன்றாகின்றது. ஒரு லட்சம் கிருமிகள் ஒன்றாகக் குறைவதற்கு அத்தகைய ஐந்து படிகள் வேண்டும். வெப்பத்தைக் குறைத்தால் ஒவ்வொரு படிக்கும் ஆகும் நேரம் நீளும். ஆனால் படிகள் தவறாமல் இறங்கும். வெண்கருப் புரதமோ, அதற்குரிய எல்லைக்குச் சில பாகை கீழே நிறுத்திவிட்டால், ஒரு மணி நேரம் கடந்தும் பெரும்பாலும் நிலைகுலையாமல் நிற்கின்றது. காலம் கிருமிக்குப் பகையாகவும் புரதத்திற்கு நட்பாகவும் அமைவதே இம்முறையின் உயிர்நாடி.

மற்றொரு சிக்கல் முட்டையின் அமைப்பால் வருவது. வெப்பம் வெளியிலிருந்து உள்நோக்கியே செல்லவேண்டும். ஓட்டை ஒட்டிய வெண்கரு முதலில் சூடேறி நெடுநேரம் சூட்டிலேயே இருக்கின்றது. மஞ்சள்கருவின் நடுப்பகுதியோ கடைசியில் சூடேறுகின்றது. கிருமி வெண்கருவில் எளிதாகவும் மஞ்சள்கருவில் அரிதாகவும் மடிவது இன்னலை இரட்டிக்கின்றது. வெப்பம் எளிதில் சென்றடையாத இடத்திலேதான் கிருமி வலிமையோடு இருக்கின்றது. ஆகையால் மஞ்சள்கருவின் நடுப்புள்ளியே இம்முறையின் அளவுகோலாயிற்று.

ஆய்வகத்து முறை ஆலைக்கு வந்ததும் 1990களில்தான். ஜேம்ஸ் காக்ஸ் முதலியோர் இதற்கான காப்புரிமைகளைப் பெற்றனர். 1998ஆம் ஆண்டில் லியோன் ஜான் டேவிட்சன் பெற்ற காப்புரிமை, மஞ்சள்கருவின் நடுப்பகுதியை ஏறத்தாழ 53 பாகைக்கும் 59 பாகைக்கும் இடையில் நிறுத்தவேண்டும் என வகுத்தது. ஆலையில் முட்டை அடுக்குகள் வெவ்வேறு வெப்பமுள்ள நீர்த்தொட்டிகளைக் கடந்து செல்லும். நீர் எங்கும் ஒரே சூட்டில் இருப்பதற்காகக் காற்றுக் குமிழிகள் அதனைக் கலக்கும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பணி முடியும். பின்னர் முட்டையைக் குளிரச்செய்து, ஓட்டின்மேல் மெழுகு பூசி, பாஸ்டராக்கம் பெற்றதற்கு அடையாளமாக முத்திரையிடுவர். ஒரு லட்சம் கிருமிகளை ஒன்றாகக் குறைக்கும் ஐந்து படி அளவே இத்தகைய முட்டைக்கு அமெரிக்க அரசு ஏற்ற அளவு.

ஓட்டின் அருமை இங்கே மீண்டும் விளங்குகின்றது. 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பனிக்கூழ் உண்டு ஏறத்தாழ 2,24,000 பேர் நோயுற்றனர் என மதிப்பிடப்பட்டது. பனிக்கூழுக்குரிய கலவை முறைப்படி பாஸ்டராக்கம் பெற்றதே. ஆனால் அதனை ஏற்றிச் சென்ற வண்டிகள் அதற்குமுன் பச்சை முட்டைக் கலவையை ஏற்றியவை. சூடாக்கிய பின்னர்ப் பாத்திரத்தால் வந்த கேடு அது. ஓட்டோடு சூடாக்கிய முட்டைக்கு மாற்றுப் பாத்திரம் தேவையில்லை. இயற்கை தந்த கலத்திலேயே அது வீட்டை அடைகின்றது.

தன்மை கெட்டதா?

கிருமி அழிந்தது, முட்டை முட்டையாகவே இருக்கின்றதா என்பது அடுத்த வினா. 1937ஆம் ஆண்டில் ரேமண்டு ஹா என்பவர் வகுத்த அளவை இதற்கு உதவுகின்றது. உடைத்த முட்டையின் கெட்டி வெண்கரு எவ்வளவு உயர்ந்து நிற்கின்றது என்பதை முட்டையின் எடையோடு பொருத்திக் கணக்கிடும் அளவை அது. முறைப்படி சூடாக்கிய முட்டை இவ்வளவையில் தாழ்வதில்லை. சேமித்து வைக்கும்போது சூடாக்காத முட்டையைவிட மேம்பட்டும் நிற்கின்றது. ஃபங்க் கண்டதும் இதுவே.

ஆயினும் விலையின்றிக் கிடைக்கும் நன்மை எதுவும் இல்லை. சூடாக்கிய முட்டையின் வெண்கரு சற்றே பால்போல் மங்கித் தோன்றும். அதனை அடித்து நுரைக்கச்செய்ய மிகுந்த நேரமாகும். பஞ்சுபோன்ற அணிச்சல் செய்வோர்க்கு இது இடர்; சிறிது புளிப்புப் பொருள் சேர்த்து அவர்கள் அதனை ஈடுசெய்கின்றனர். வறுக்கவும் பொரிக்கவும் வேகவைக்கவும் வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை. பெரிய இடையூறு பணமே. தொட்டியும் நேரமும் எரிபொருளும் சேர்ந்து முட்டையின் விலையை உயர்த்துகின்றன. அதனால் அமெரிக்கச் சந்தையிலும் இம்முட்டை மிகச் சிறிய பங்கையே பெற்றது. மருத்துவமனைகளும் முதியோர் இல்லங்களுமே அதனை மிகுதியாக நாடின.

வேறு வழிகள்

வேறு வழிகளும் தேடப்பட்டன. அயனியாக்கும் கதிர்களை முட்டைமீது செலுத்த அமெரிக்கா 2000ஆம் ஆண்டில் இசைவளித்தது. ஆனால் கதிர்பட்ட வெண்கரு நீர்த்துப்போகும் குறை நீங்கவில்லை. பென்சில்வேனியாவின் விண்ட்மூர் நகரிலுள்ள அமெரிக்க வேளாண் ஆய்வகத்தில் தேவிட் கெவெக்கே குழுவினர் 2013ஆம் ஆண்டளவில் புதுவழி ஒன்றைக் காட்டினர். மின்முனைகளுக்கிடையே முட்டையைச் சுழற்றி, வானொலி அலையால் உட்புறத்தைச் சூடாக்கி, அதே நேரத்தில் ஓட்டின்மேல் நீரைத் தெளித்து வெண்கருவைக் காத்தனர். பின்னர்ச் சிறிது நேரம் வெந்நீரில் வைத்தனர். வெப்பத்தின் திசையையே திருப்பிய இம்முறையால் நேரம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

பிரித்தானியா நோயை அதன் மூலத்திலேயே தாக்கிற்று. 1998ஆம் ஆண்டு முதல் சிங்க முத்திரை பெறும் முட்டைகளை இடும் கோழிகளுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. நோய் வெகுவாகக் குறைந்தது. 2017ஆம் ஆண்டில், அம்முத்திரை பெற்ற முட்டையைக் குழந்தைகளும் கருவுற்றோரும் முதியோரும்கூட அரைவேக்காடாக உண்ணலாம் என்று அந்நாட்டு உணவுத் தர நிறுவனம் அறிவித்தது. அமெரிக்கா 2009ஆம் ஆண்டு விதியால் பண்ணைத் தூய்மையையும் குளிர்பதனத்தையும் கட்டாயமாக்கிற்று. அவ்விதி 2010 சூலையில் நடைமுறைக்கு வந்த அடுத்த மாதமே, ஐயோவா மாநிலத்திலிருந்து 50 கோடிக்கும் மேற்பட்ட முட்டைகள் திரும்பப் பெறப்பட்டன. ஒரே காவலை நம்பியிருத்தல் போதாது என்பதற்கு அது சான்று. வெந்நீர்த் தொட்டியும் பண்ணைத் தூய்மைக்கு மாற்றன்று. முட்டை வெயிலில் கிடந்து, கிருமி லட்சத்தைக் கடந்து பெருகிவிட்டால், ஐந்து படி இறங்கியும் எச்சம் இருக்கும்.

முடிவுரை

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காலைப் பொழுதில் கோப்பிக்கடைக்குச் செல்வோர் அரைவேக்காட்டு முட்டையை விரும்பி உண்பர். கொதிநீரை ஊற்றிச் சில நிமிடம் மூடிவைத்த முட்டையில் வெண்கரு இளகலாகவும் மஞ்சள்கரு நீராளமாகவும் இருக்கும். சுவை அதுவே. ஆனால் மஞ்சள்கருவின் நடுவில் இருக்கும் கிருமியை அந்தச் சில நிமிடங்கள் அழித்துவிடும் என்று உறுதி கூற இயலாது. நலமுள்ளவர் துணிந்து உண்பர். குழந்தைக்கும் நோயாளிக்கும் முதியவர்க்கும் அதனைக் கொடுப்போர் ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நன்கு வேகவைத்த முட்டை எங்கும் எவர்க்கும் கிடைக்கும் காப்பு.

முட்டையின் வரலாறு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் மற்றொன்றையும் உணர்த்துகின்றது. மிசௌரியின் வெந்நீர்த் தொட்டிக்கும் பிற்காலத்து ஆலைத் தொட்டிக்கும் இடையே வெப்பத்தில் சில பாகையும், நேரத்தில் ஒரு மணிக்கும் குறைவுமே வேறுபாடு. அவற்றிற்கிடையே கழிந்ததோ ஐம்பது ஆண்டு. உழவரின் இழப்பைக் குறைக்கப் பிறந்த அறிவு, அவ்விழப்பு வேறு வழியில் நீங்கியதும் நூலக அடுக்கில் உறங்கிற்று. நோயாளிகளின் மரணம் புதிய வினாவை எழுப்பியபோதே அது விழித்தது. பழைய ஆய்வைப் படித்து, அதனிடம் புதிய வினாவை முன்கூட்டியே கேட்பார் இருந்திருந்தால் அந்த ஐம்பது ஆண்டு சுருங்கியிருக்கக்கூடும். கற்றதைச் சேர்த்து வைப்பதோடு கல்வி நிறைவதில்லை. சேர்த்துவைத்ததை நோக்கி மீண்டும் மீண்டும் வினவுவதும் கல்வியின் கடமையே ஆகும்.